இணைத்தபின் மறையும் தடங்கள்: டாலிகஞ்ச் முதல் வீட்டு ஒலிநாடா வரை

ஒலிப்பதிவுகளைச் சான்றாகக் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்கள் ‘மூலப்பதிவு’ என்னும் சொல்லை மிக எளிதாகக் கையாள்கிறார்கள். இசைத்தட்டில் உள்ளது மூலம். கேசட்டில் உள்ளது படி. இணையத்தில் உள்ளது படியின் படி. இவ்வரிசை ஓரளவுக்குச் சரியானதே. ஆனால் இசைத்தட்டுக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டவுடன் அது குலைந்துவிடுகிறது. நாம் மூலம் என்று வழங்கும் பதிவே பல தனிப்பதிவுகளைச் சேர்த்துச் செய்த ஒரு படியாக இருப்பதுண்டு. அத்தனிப்பதிவுகள் மிஞ்சினவா, மிஞ்சவில்லையா என்பதை முடிவு செய்தது கலைஞரின் விருப்பம் மட்டுமன்று. அவர் கையில் எத்தனை கருவிகள் இருந்தன என்பதும்தான். இக்கருத்தை விளக்கவே இந்தச் சற்று நீண்ட பதிவு. வீட்டில் பயன்பட்ட நான்கு தட ஒலிநாடாக் கருவியில் தொடங்கி, அதற்கு முந்தைய வரலாற்றைத் தேடிக் கல்கத்தாவின் டாலிகஞ்சுக்குச் சென்று, மீண்டும் வீட்டுக்குத் திரும்புவோம்.

1. நான்கு தடங்களின் கணக்கு

கால் அங்குல அகலமுள்ள காந்த ஒலிநாடாவை நீளவாக்கில் நான்கு கீற்றுகளாகப் பிரித்துக் கருதுக. ஒவ்வொரு கீற்றும் ஒரு தடம். முதல் தடத்தில் மிருதங்கம், இரண்டாவதில் வீணை, மூன்றாவதில் புல்லாங்குழல் என்று ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாகப் பதியலாம். முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை வாசிக்கலாம்.

இது தோன்றும் அளவுக்கு எளிதன்று. நாடாக் கருவியில் பதியும் தலையும் ஒலிக்கும் தலையும் சற்று இடைவெளி விட்டு அமைந்திருக்கும். ஒலிக்கும் தலையில் கேட்டபடி பதியும் தலையில் புதிதாகப் பதிந்தால், இரண்டும் காலத்தில் விலகி நிற்கும். தாளம் தப்பிவிடும். பதியும் தலையையே அந்நேரத்துக்கு ஒலிக்கும் தலையாகவும் பயன்படுத்துவதே இதற்குக் கண்ட தீர்வு. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் 1950களின் நடுவில் இம்முறையைச் செயற்படுத்தியது. அந்நிறுவனத்தின் முதல் எட்டுத் தடக் கருவி 1957-இல் கிதார் கலைஞர் லெஸ் பாலிடம் சென்று சேர்ந்தது. 1970களில் ஜப்பானின் டீயாக் நிறுவனம் நான்கு தடக் கருவியை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவிலும் விலையிலும் செய்தது. 1979-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘போர்ட்டாஸ்டூடியோ’ சாதாரணக் கேசட்டிலேயே நான்கு தடங்களைப் பதிந்தது. கலவைப் பலகையும் அதே பெட்டிக்குள் அடங்கியது.

நான்கு தடங்கள் போதாதபோதுதான் தடம் இணைத்தல் தேவையாகிறது. பவுன்ஸ் செய்வது என்று ஒலிப்பதிவாளர் கூறுவது இதையே. மூன்று தடங்களில் பதிந்தவற்றை ஒலிக்கவிட்டு, அவற்றின் அளவுகளைச் சமன்செய்து, நான்காவது தடத்தில் ஒன்றாகப் பதிவார்கள். அவ்வேளையில் புதிதாக ஒரு கருவியை நேரடியாக வாசித்தும் சேர்க்கலாம். இப்போது நான்காவது தடத்தில் நான்கு ஒலிகள் உள்ளன. பின்னர் முதல் மூன்று தடங்களின் மேலேயே புதியன பதியப்படும். இரண்டு தடங்களோடு ஒரு நேரடி வாசிப்பைச் சேர்த்து மூன்றாவதற்கு. ஒரு தடத்தோடு ஒரு நேரடி வாசிப்பைச் சேர்த்து இரண்டாவதற்கு. கடைசியில் முதல் தடத்தில் ஒன்று. நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்றும் சேர்ந்து பத்து. நான்கு தடங்களில் பத்து ஒலிகள். அவற்றுள் எதுவும் இரண்டாம் தலைமுறையைத் தாண்டவில்லை.

இதற்கு விலை உண்டு. ஒவ்வொரு தடத்திலும் நாடாவின் இயல்பான இரைச்சல் இருக்கிறது. மட்டம் குறைக்காமல் மூன்று தடங்களை நான்காவதற்கு மாற்றினால், மூன்றின் இரைச்சலோடு நான்காவதன் இரைச்சலும் சேர்ந்து, ஒற்றைத் தடத்தில் இருந்ததைவிட ஏறத்தாழ 6 டெசிபெல் உயரும். உச்ச அதிர்வெண் ஒலிகள் ஒவ்வொரு மாற்றத்திலும் சற்றே மங்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் தாழ்ந்த ஒலிக் கருவிகளை முதலில் பதிந்து இணைப்பார்கள். சலங்கை, ஜால்ரா போன்ற கூரிய ஒலிகளையும் முதன்மைக் குரலையும் கடைசிக்கு ஒதுக்குவார்கள்.

இவ்விரண்டையும்விடப் பெரிய விலை மூன்றாவது. இணைத்தபின் பிரிக்க முடியாது. வீணை சற்று ஓங்கிவிட்டது என்று மறுநாள் தோன்றினால், செய்வதற்கு ஒன்றுமில்லை. வீணை இருந்த தடத்தின் மேல் வேறொன்று பதியப்பட்டுவிட்டது. ஒரே ஒரு கருவியை வைத்திருப்பவருக்கு இணைத்தல் என்பதும் அழித்தல் என்பதும் ஒரே செயலின் இரு பெயர்கள்.

2. டாலிகஞ்ச்: பிரித்தல் முதலில் வந்தது

ஒலிகளை இணைக்க வேண்டுமானால் அவற்றை முதலில் தனித்தனியே பிடிக்கக் கற்றிருக்க வேண்டும். இந்தியாவில் அந்தக் கல்வி தொடங்கிய இடங்களுள் டாலிகஞ்ச் முதன்மையானது. 1770களில் வில்லியம் டாலி என்னும் ஆங்கில அதிகாரி ஆதிகங்கையின் தூர்ந்துபோன போக்கைத் தோண்டிக் கால்வாயாக்கினார். அவர் பெயரால் வழங்கும் அப்பகுதியில் 1931-இல் பி. என். சர்க்கார் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்க ஒலிப்பொறியாளர் வில்ஃபோர்ட் டெமிங் அங்கே பணியாற்றியபோது, ஹாலிவுட்டுக்கு எதுகையாக ‘டாலிவுட்’ என்னும் பெயரை 1932-இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். இன்று தெலுங்குத் திரையுலகைச் சுட்டும் அச்சொல் முதலில் டாலிகஞ்சையே குறித்தது.

பேசும்படத்தின் தொடக்க ஆண்டுகளில் நடிகரே பாடவேண்டும். பாடும்போதே படம் பிடிக்க வேண்டும். ஆர்மோனியமும் தபலாவும் வாசிப்பவர்கள் ஒளிப்படக் கருவியின் பார்வைக்கு வெளியே, மரத்துக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ ஒளிந்திருப்பார்கள். யாரேனும் ஒருவர் தவறினால் அனைத்தும் மறுபடி. ஒலியும் ஒளியும் ஒரே கணத்தில் கட்டுண்டிருந்தன.

அக்கட்டை அவிழ்த்த படமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது 1935-இல் நிதின் போஸ் இயக்கிய ‘பாக்ய சக்ரா’ என்னும் வங்காளப் படமும், அவ்வாண்டே வெளிவந்த அதன் இந்தி வடிவமான ‘தூப் சாவ்’வும். ராய்சந்த் போராலும் பங்கஜ் மல்லிக்கும் இசைத்துறையில் இருந்தனர். நிதின் போஸின் சகோதரர் முகுல் போஸ் ஒலிப்பதிவாளர். பாடலை முன்னதாகவே பதிந்து, அதைப் படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிட்டு, நடிகர் வாயசைக்க, படத்தை மட்டும் பிடிக்கும் முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது என்னும் பிரிவினை நம் திரைப்படத்தின் அடிப்படை இலக்கணமானது இப்படித்தான்.

தமிழ் ஆய்வாளருக்கு இது வெளியூர்ச் செய்தியன்று. சென்னையில் போதிய தளங்கள் இல்லாத அக்காலத்தில் தமிழ்ப்படங்கள் பல கல்கத்தாவில் எடுக்கப்பட்டன. ஏ. வி. மெய்யப்பனின் ‘அல்லி அர்ஜுனா’ (1935) அவற்றுள் ஒன்று. அதே மெய்யப்பன் 1938-இல் தயாரித்த ‘நந்தகுமார்’ தமிழில் பின்னணிக் குரலை முதலில் பயன்படுத்திய படமாகக் கருதப்படுகிறது. நடிகைக்காகப் பாடியவர் லலிதா வெங்கட்ராமன். டாலிகஞ்சில் நடந்த பிரிவினை மூன்றே ஆண்டுகளில் தமிழுக்கும் வந்துவிட்டது.

அன்று ஒலி பதியப்பட்டது காந்த நாடாவில் அன்று. ஒளியால் படச்சுருளின் ஓரத்தில். அதிலும் இதே கணக்குதான். உரையாடல், பாடல், பின்னணி இசை ஆகியவற்றை மறுஒலிப்பதிவில் ஒன்றாக்கும்போது ஒவ்வொரு சுருளின் தூசும் கீறலும் இரைச்சலாகச் சேரும். இணைந்த சுருளிலிருந்து தனியொலியை மீட்கவும் இயலாது. போதாக்குறைக்கு, 1940-இல் நியூ தியேட்டர்ஸில் ஏற்பட்ட தீ விபத்தில் அந்நிறுவனத்தின் படச்சுருள்கள் பெருமளவில் அழிந்தன.

3. நான்கு வரிசைப் பேய்கள்

இணைத்தல் ஒரு தொழில்நுட்பக் கட்டாயம் மட்டுமன்று. எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்னும் முடிவும் ஆகும். சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) இதற்குத் தக்க சான்று. துர்கா இறந்த செய்தி அறியாமல் ஊர் திரும்பும் தந்தை, மகளுக்கென வாங்கிவந்த புடவையை எடுத்துக் காட்ட, தாய் சர்வஜயா கதறுகிறாள். அவளுடைய அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அவ்விடத்தில் தட்சிணாமோகன் தாகூர் வாசித்த தார்ஷெனாயின் உச்ச ஒலி எழுகிறது. ரவிசங்கர் அப்படத்தின் இசையை ஒரே இரவில் பதிந்துகொடுத்துவிட்டுச் சென்றார். விடுபட்ட இடங்களில் ஒன்றை நிரப்ப, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவே சித்தார் வாசித்தார். ஒரே படத்தின் ஒரே ஒலிச்சுருளில் இரு வேறு வேளைகளின் சித்தார்கள் கலந்திருக்கின்றன. கேட்பவருக்கு அந்த ஒட்டு தெரிவதில்லை.

1969-இல் ரே எடுத்த ‘கூபி காய்ன் பாகா பாய்ன்’ நமக்கு இன்னும் நெருக்கமானது. பேய்களின் நடனம் ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. அதற்கு இசை அமைக்கும்போது ரே நாடியது கர்நாடக இசையின் தாளவாத்தியக் கச்சேரியை. அரசர்களான பேய்களுக்கு மிருதங்கம். எளிய மக்களான பேய்களுக்குக் கஞ்சிரா. வெள்ளைக்காரப் பேய்களுக்கு, அவர்களுடைய விறைப்பைக் காட்டக் கடம். தொந்தி பெருத்த பேய்களுக்கு மோர்சிங். நடனத்தின் முடிவில் நான்கு கூட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு கிடைவரிசைகளில் ஒரே சட்டகத்துக்குள் ஆடுகின்றன.

அந்தச் சட்டகத்தை நிறுத்திவைத்துப் பாருங்கள். நான்கு தட ஒலிநாடாவை விளக்க மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடைக்காது. ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஒலி, தனி அசைவு, தனிச் சமூகம்; ஆனால் நாடா ஒன்று, காலம் ஒன்று. அதே படத்தில் பேய்களின் அரசன் பேசும் விந்தைக் குரல் ரேயின் சொந்தக் குரலே. நாடாவின் வேகத்தை மாற்றி அவ்வாறு ஒலிக்கச் செய்தார். வீட்டில் நான்கு தடக் கருவி வைத்திருந்தோர் பின்னாளில் செய்து மகிழ்ந்த வித்தைகளுள் இந்த வேக மாற்றமும் ஒன்று.

4. வீட்டுக்குள் வந்த கூடம்

வீட்டில் தடம் இணைத்தல் மலிவான கருவிகளோடு பிறந்ததன்று. லெஸ் பால் 1948-இல் வெளியிட்ட ‘லவர்’ என்னும் பதிவைத் தன் வீட்டுக் கொட்டகையில், நாடாகூட இல்லாமல், மெழுகையொத்த பூச்சுள்ள தட்டுகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றிச் செய்தார். பின்னர் ஒற்றைத் தட நாடாக் கருவியில் கூடுதலாக ஒரு தலையைப் பொருத்தி, பழையதைக் கேட்டுக்கொண்டே அதனோடு புதியதையும் சேர்த்துப் பதிந்தார். ஒவ்வோர் அடுக்கும் முந்தையதை விழுங்கியது. பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

லண்டனின் ஆபி சாலைக் கூடத்தில் பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பும் நான்கு தடக் கருவிகளில் இணைத்து இணைத்து உருவானதே. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு இருந்தது. ஒரு கருவியின் நான்கு தடங்களை மற்றொரு கருவியின் புதிய நாடாவுக்கு மாற்றினார்கள். முதல் நாடா அழிக்கப்படாமல் அலமாரிக்குச் சென்றது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2017-இல், இணைப்புக்கு முந்தைய அந்நாடாக்களை எடுத்தே அத்தொகுப்பைப் புதிதாகக் கலவை செய்தார்கள்.

இந்த வேறுபாட்டில்தான் என் வாதம் அடங்கியிருக்கிறது. கலைமுறை ஒன்றே. இரண்டாவது கருவியும் இன்னொரு நாடாவும் வாங்க வசதியிருந்த இடத்தில் மூலம் மிஞ்சியது. இல்லாத இடத்தில் மறைந்தது. ஒலி ஆவணங்களின் வரலாறு ஒருவகையில் வறுமையின் வரலாறு.

வீட்டுப் பதிவே இறுதி வடிவமானதும் உண்டு. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 சனவரியில் நியூ ஜெர்சியில் தான் வாடகைக்கு இருந்த வீட்டில், போர்ட்டாஸ்டூடியோவில் முன்வரைவாகப் பாடல்களைப் பதிந்தார். பின்னர் பெருங்கூடத்தில் குழுவோடு மறுபடி பதிய முயன்றும் அந்தத் தன்மை கைகூடவில்லை. வீட்டில் நான்கு தடங்களை இணைத்துச் செய்த கேசட்டே ‘நெப்ராஸ்கா’ என்னும் தொகுப்பாக வெளிவந்தது. அதன் இரைச்சலும் அதன் பொருளில் சேர்ந்துவிட்டது.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றுக்கு இரு திருப்பங்கள் உண்டு. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்தார். கீதா சாராபாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா, எஸ். சி. சர்மா உள்ளிட்டோர் 1972 வரை அங்கே செய்த நாடாப் பதிவுகளை நெடுங்காலம் எவரும் நினைக்கவில்லை. நிறுவனத்தின் ஆவணங்களில் அவை கிடைத்து, 2023-இல் வெளிவந்தபோது, இந்திய மின்னணு இசையின் தொடக்கத்தைப் பற்றிய கருத்தே மாறியது. அவற்றைக் காத்தது ஒரு நிறுவனத்தின் அலமாரி. இரண்டாவது திருப்பம் சென்னையில் நிகழ்ந்தது. ஏ. ஆர். ரகுமான் 1989-இல் தன் வீட்டோடு சேர்த்தே பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார். திரைப்பாடல் என்பது பெருங்கூடத்தில் பலர் ஒருங்கே கூடி வாசிப்பது என்னும் நிலையிலிருந்து, ஒருவர் வீட்டில் இரவெல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ப்பது என்னும் நிலைக்கு வந்ததை ‘ரோஜா’வை (1992) கேட்டவர் அறிவர்.

5. ஏடும் நாடாவும்

தமிழ் கற்றவர்க்கு இச்சிக்கல் புதிதன்று. ஏடு சிதைவதற்குள் அதைப் பெயர்த்து எழுதுவது நம் மரபு. பெயர்த்தெழுதியபின் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதும் நம் மரபே. நெய்யில் தோய்த்துத் தீயிலிட்ட கதையை உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் வேதனையோடு எழுதியுள்ளார். 1887-இல் சீவக சிந்தாமணியை அவர் பதிப்பிக்க முடிந்தது பல ஊர்ப் பிரதிகள் எஞ்சியிருந்ததால்தான். ஒரு பிரதியின் பிழையை மற்றொரு பிரதி காட்டிக்கொடுத்தது.

தடம் இணைத்த வீட்டு நாடாவில் அந்த வாய்ப்பு இல்லை. பெயர்த்தெழுதியவுடன் அதே ஏட்டைச் சுரண்டி அதன்மேலேயே அடுத்த பாடலை எழுதியதற்கு ஒப்பானது அது. இருப்பினும் அந்நாடா ஊமையன்று. எந்தக் கருவி மங்கி ஒலிக்கிறதோ அது முதலில் பதியப்பட்டதாக இருக்கலாம். எது கூர்மையாக ஒலிக்கிறதோ அது கடைசியில் சேர்ந்ததாக இருக்கலாம். இரைச்சல் எங்கே ஒரு படி உயர்கிறதோ அங்கே ஓர் இணைந்த தடம் நுழைகிறது. தொல்லியலாளர் மண்ணடுக்கைப் படிப்பதுபோல் ஒலியடுக்கைப் படிக்கலாம். நான் மாணவர்களிடம் வலியுறுத்துவது இதையே: இரைச்சலை நீக்கிவிட்டு ஆராயாதீர்கள், இரைச்சலும் சான்று.

இன்று கணிப்பொறி வழியே கலந்த ஒலிகளைப் பிரிக்கும் முறைகள் வந்துள்ளன. ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் வீட்டில் பியானோவோடு பாடிப் பதிந்த ஒற்றைக் கேசட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுத்து, 2023-இல் புதிய பாடலாக வெளியிட்டார்கள். வியப்புக்குரிய வேலைதான். ஆனால் ஆய்வாளர் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அவ்வாறு கிடைப்பது மீட்கப்பட்ட தடமன்று. இப்படி இருந்திருக்கும் என்று கணித்த தடம். பதிப்பாசிரியர் மொழியில் கூறினால், அது பாடபேதமன்று, ஊகப் பாடம். ஊகப் பாடத்தை ஊகம் என்று குறித்து அச்சிடுவது நம் பதிப்பு நெறி. ஒலிக்கும் அந்நெறி வேண்டும்.

6. செய்யத்தக்கவை

டாலிகஞ்சை அடுத்த யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்துஸ்தானி இசைப் பதிவுகளுக்கு ஓர் ஆவணக்காப்பகம் இயங்குகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஆயினும் வீட்டுப் பதிவுகள் இத்தகைய இடங்களுக்கு வருவது அரிது. அதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. முதல் போர்ட்டாஸ்டூடியோ போன்ற கருவிகள் கேசட்டைச் சாதாரண வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில், நான்கு தடங்களையும் ஒரே திசையில் பதிந்தன. அக்கேசட்டை வழக்கமான கருவியில் இட்டால் ஒரு பக்கத்தில் இரண்டு தடங்கள் பாதி வேகத்தில் முனகும். மறுபக்கத்தில் மற்ற இரண்டும் பின்னோக்கி ஒலிக்கும். கேட்பவர் பழுதென்று கருதிக் குப்பையில் இடுவார். அது பழுதன்று. உரிய கருவி கிடைக்காத ஆவணம்.

எனவே களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். இறுதிக் கேசட்டை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். ‘சோதனை’, ‘வேண்டாதது’ என்று எழுதிய நாடாக்களையும் கேளுங்கள், இணைப்புக்கு முந்தைய தடம் அங்கேதான் இருக்கக்கூடும். நாடாவை எண்மமாக்கும்போது நான்கு தடங்களையும் தனித்தனிக் கோப்புகளாக எடுங்கள். கலவை செய்த ஒற்றைக் கோப்போடு நிறுத்தினால், அன்று வறுமை செய்த அழிவை இன்று நாம் வசதியோடு செய்தவர்களாவோம். நாடாப் பெட்டியின் மேல் பென்சிலால் எழுதிய குறிப்புகளைப் படமெடுத்து வையுங்கள். எந்தத் தடத்தில் எது, எப்போது எதற்கு மாற்றப்பட்டது என்பதற்குப் பலவேளை அவையே எஞ்சும் எழுத்துச்சான்று.

ஈரப்பதம் மிக்க கல்கத்தாவிலும் சென்னையிலும் நாடாவின் பிசின் இளகுகிறது, பூஞ்சை படிகிறது. 1970களிலும் 80களிலும் வீட்டில் பதிந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எதை எதோடு எந்த வரிசையில் இணைத்தோம் என்பதை நினைவிலிருந்து கூறக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ அத்தகைய நாடாக்கள் இருந்தால் அவற்றை ஒலிக்கவிடுமுன் பதிந்தவரிடம் பேசி, அவர் கூறுவதை எழுதிக்கொள்ளுங்கள்.